சிவப்புத் தரையில் சாக்பீஸ் வட்டங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு சுகமா என்று நீ கேட்டிருந்ததற்கு இந்தக் கடிதம் முழுவதுமே பதில். அதனால் ஆர அமர உட்கார்ந்து படி. அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு பக்கம் மழை, வேலை, மாற்றல் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி மூன்று வரியில் என்னைச் சுட்டிருக்கிறாய். “என் வீட்டுல வந்து இருக்க ஒங்களுக்கு அப்படி என்னம்மா கசக்குது? சரோஜாவைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க, நாங்க புரிஞ்சுக்கிறோம்” என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. உன் மேல் கோபம் இல்லை, தம்பி. அப்படி நீ நினைக்கும்படி நடந்துகொண்டவள் நான்தான். உன் அப்பா போன பிறகு இந்த நான்கு வருடமாக நீ கூப்பிடாத மாதமில்லை. இந்த ஒரு வருடமாக நானும் சாக்குச் சொல்லாத மாதமில்லை. கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பைப் பார்க்க ஆளில்லை என்றேன். திருச்சித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன். பஸ் ஏறினால் குமட்டுகிறது என்றேன். ஐம்பத்தைந்து வயது வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று மிரட்டியவள் நான். என் நாக்கில் இன்னும் ஒன்றும் வராதது ஆச்சரியம்தான்.

போன தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். காலையில் சரோஜா பாவம், உதவியாக இருக்கட்டும் என்று என் மெத்தையை வெயிலில் போட எடுத்தாள். நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்து பிடுங்கினேன். “என்னங்கத்தை, வீடெல்லாம் இம்புட்டுப் பினாயில் வாடை அடிக்குது?” என்று அவள் வெள்ளந்தியாகக் கேட்டதற்கு, “ஒங்க வீட்டு லட்சணத்தைப் போயி மொதல்ல பாரு” என்று கத்தினேன். அந்தப் பெண் கண் கலங்கியதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அன்று நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அதை நேராக எழுத மூன்று நாளாகப் பார்க்கிறேன், பேனா நகரவில்லை. வெள்ளச்சி வழியாகத்தான் அந்த இடத்துக்கு வந்துசேர முடியும் போலிருக்கிறது. நம் பூனை வெள்ளச்சியை நினைவிருக்கிறதா? உனக்கு மறக்காது.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருடம் அது. அரண்மனை உத்தியோகமாக இருந்த உன் அப்பா வேலை திருச்சிக்கு மாறிப்போக, சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிந்ததும் போகிற விருந்தாளியாகிவிட்டார். அவர் இல்லாத வீட்டை அரண்மனையாக்கிக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு. கொத்தனாரை வைத்துக் கூடம், சமையலறை எல்லாவற்றுக்கும் சிவப்புச் சிமெண்ட் போட்டேன். நடுவில் வானம் பார்த்துக் கிடந்த மண் முற்றத்தையும் விட்டுவைக்கவில்லை. தினமும் துடைத்து, வாரம் ஒரு தரம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்ப்பேன். நம் தெருவில் அப்படி ஒரு தரை வேறு எவர் வீட்டிலும் கிடையாது. முகம் பார்க்கலாம். எதிர்வீட்டுப் பர்வதம் அக்கா வாசலில் நின்று, “காலை வைக்கவே பயமா இருக்கு டீச்சர்” என்று சொல்வதைக் கேட்பதற்காகவே அவளைக் கூப்பிடுவேன்.

அந்த மண் முற்றத்தின் மூலையில்தான் பத்து வருடமாக வெள்ளச்சி தன் காரியத்தை முடித்து, கால்களால் மண்ணைப் பறித்து மூடிவிட்டு வரும். மனுஷர்களில்கூட அத்தனை சுத்தக்காரர்களை நான் பார்த்ததில்லை. சிமெண்ட் போட்டதும் அதற்கு மாற்றாகக் கொல்லைக் கோடியில், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், கொத்தனார் விட்டுப்போன இரும்புப் பாண்டில் மணல் நிரப்பி வைத்தேன். இரண்டு நாள் தூக்கிக்கொண்டுபோய் அதில் விட்டுக் காட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அதுவே போய் வந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடத்தில் ஈரம். மறுநாள் சமையலறை வாசலில் ஈரம். கொடியிலிருந்து நழுவி விழுந்த உன் அப்பாவின் சலவை வேட்டியில் ஒரு நாள். பூனை மூத்திர நாற்றம் தெரியுமே, ஒரு தரம் பிடித்தால் மூக்கை விட்டுப் போகாது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! பர்வதம் அக்கா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். “கொழுப்பு டீச்சர் அதுக்கு. எடத்தை மாத்திட்டீங்கன்னு வஞ்சம் வச்சுப் பண்ணுது. மூஞ்சியைப் பிடிச்சு அதுலயே தேயிங்க, தன்னால நிக்கும்.” நானும் தேய்த்தேன். விளக்குமாற்றால் இரண்டு போடும் போட்டேன். மணல் பாண்டு நாறுகிறது என்று அதிலும் பினாயிலை ஊற்றினேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பத்தாயத்துக்கு அடியில் ஒண்டிக்கிடந்த பூனையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய்: “மூஞ்சியைப் பிடிச்சுத் தேய்ச்சா அதுக்கு என்னம்மா புரியும்? நீங்க தேய்ச்சது மட்டும்தான் புரியும்.” உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதில் தெரியாததால், “பெரியவங்க பேச்சுல வாயை வைக்காதே” என்றேன். வாத்தியார்கள் பதில் தெரியாதபோது சொல்வது அதைத்தான்.

அதற்குப் பிறகு நீ ஒரு வேலை ஆரம்பித்தாய். என் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, பூனை எங்கெல்லாம் ஈரம் பண்ணியதோ அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவாய். வட்டத்துக்குள் தேதி, காலையா மாலையா, நிறைய இருந்ததா சொட்டாக இருந்ததா என்று பொடி எழுத்தில் குறிப்பாய். கண்ணாடி மாதிரி வைத்திருந்த என் தரையில் சாக்பீஸ்! “பூனை ஒரு பக்கம் அசிங்கம் பண்ணுது, நீ ஒரு பக்கம் கிறுக்கி வைக்கிறியா?” என்று உன் காதைத் திருகினேன். நீ காதைப் பிடித்துக்கொண்டே, “ஈரத்தைத் துடைங்கம்மா, வட்டத்தை மட்டும் விட்டுருங்க. ஒரே ஒரு வாரம்” என்றாய். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாய். என்னையறியாமல் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் வந்தது வினை. மூன்றாம் வகுப்பு ஆஜர் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பையோடு சமையலறை நிலைப்படி ஓரம் வைத்திருந்தேன். காலையில் எடுத்தால் பை நனைந்து, பட்டியலில் பாதிப் பெயர்கள் மை கரைந்து ஓடியிருந்தன. தலைமையாசிரியை அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “என்ன டீச்சர் இது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஒருவர் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தியது அன்றுதான். மதியமே லீவு சொல்லிவிட்டு வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். வெள்ளச்சியைப் பிடித்துக் கோணிச்சாக்கில் போட்டுக் கட்டினேன். தண்ணீர் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் பூனை திரும்பி வராது என்பார்கள். திருவரங்குளம் பஸ்ஸில் ஏறி, அங்கே கண்மாய்க்கு அக்கரையில் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். அது ஓடவில்லை. வெளியே வந்து, இரண்டு அடி வைத்து, உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான்தான் ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். காலிச் சாக்கு என் கக்கத்தில் இருந்தது. நீ வாசலுக்கு ஓடி வந்தாய். உன் முகம் எனக்கு இன்றும் அப்படியே நிற்கிறது. “அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்! இங்கிட்டு வந்து பாருங்க, சீக்கிரம் வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். பத்தாயத்துக்குப் பக்கத்தில் வெள்ளச்சி படுக்கிற இடத்தில் ஒரு ஆணி. அதிலிருந்து ஒரு சணல் கயிறு இழுத்துக் கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகப் பின்வாசல்வரை கட்டியிருந்தாய். ஒன்பது வட்டம் இருந்தன. ஒன்பதும் அந்தக் கயிற்றை ஒட்டியே, ஒரு சாண் இங்கிட்டு, ஒரு சாண் அங்கிட்டு. வேட்டி விழுந்த இடமும் கயிற்றோரம். என் பை இருந்த இடமும் கயிற்றோரம்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் காதில் இருக்கிறது. “அது வேணும்னு பண்ணலம்மா. கொல்லைக்குத்தான் போகுது. போற வழியில முடியாமப் போயிருது. அதுக்கு வயசாயிருச்சுல்ல? பின்னங்கால் வலிக்குது போல. இந்தத் தரை வேற வழுக்குது, நான் பாத்தேன், நாலு எட்டுக்கு ஒருக்கா சறுக்குது. மொதல்ல போட்ட வட்டமெல்லாம் பின்வாசல்கிட்ட இருக்கு பாருங்க. இப்ப போட்டதெல்லாம் அது படுக்கிற எடத்துக்குக் கிட்டக் கிட்ட வந்துருச்சு. நாளாக நாளாக அதால கொஞ்ச தூரந்தான் வர முடியுது. தப்பித் தவறிப் போய்ச் சேந்தாலும் அங்க பினாயில் வாடை, பாண்டுல ஏறாமத் திரும்பிருது. பினாயில் நமக்குத்தாம்மா சுத்தம்.” இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “வெள்ளச்சி எங்கம்மா? அதை நடக்கவிட்டுக் காட்டுறேன்” என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்கயாச்சும் படுத்திருக்கும்” என்றேன். நீ என் கக்கத்தில் இருந்த சாக்கைப் பார்த்தாய். அதில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். நீ அழுவாய், கத்துவாய், சாக்பீஸைத் தூக்கி எறிவாய் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீ கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்தாய். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலம்மா. ஒங்களுக்கு எடம் தெரியும்ல? கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, போதும்” என்றாய். ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. எனக்கு அந்தக் குணம் கிடையாது, உன் அப்பாவுக்கும் கிடையாது. யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். கண்மாய்க் கரையில் இல்லை. ஊருக்குள் நீ வீடு வீடாக விசாரித்தாய். கோயில் பக்கத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார்: “வெள்ளப் பூனையா தம்பி? நேத்து இருட்டுறதுக்குள்ள நடந்து வந்துச்சு. புதுக்கோட்டை ரோட்டைப் பாத்தே போகுது, கொஞ்ச தூரம் போயி உக்காந்துக்குது. அந்தா, மதிலோரம் கெடக்குது பாருங்க.” என்னைக் கண்டதும் அது பயந்து ஓடும் என்று நினைத்தேன். மெதுவாக எழுந்து வந்து, அடித்த என் காலையே சுற்றி உரசியது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். நீ துண்டை விரித்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். பஸ்ஸில் கண்டக்டர், “ஏம்மா, மூணு பேருக்கும் டிக்கெட்டா?” என்று கேலி செய்ததற்கு, “இவங்களுக்கு அரை டிக்கெட் போடுங்கண்ணே” என்றாய். முந்தைய நாளிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான்.

பிறகு நீ செய்ததெல்லாம் கண்முன்னே நிற்கிறது. மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி, விளிம்பு காலைக் கிழிக்காதபடி சுத்தியலால் மடக்கித் தட்டி, நான்கு விரல்கடை உயரத்தில் ஒரு தட்டு செய்தாய். பாண்டில் ஏறுவதற்கே அதற்கு இடுப்பு வலித்ததை நீதான் கண்டாய். வெள்ளாற்று மணலைச் சலித்துக் கொட்டி, படுக்கையிலிருந்து ஆறாவது எட்டில் வைத்தாய். அதுவரைக்கும் தரையில் பழஞ்சாக்கை விரித்தாய். வட்டம் போட்ட இடங்களைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, கதவைத் திறந்து வெயில்பட வைத்தாய். பழைய வாடை மிச்சமிருந்தால் அதையே இடம் என்று நினைத்துக்கொள்ளும் என்றாய். தினமும் காலையில் மணலை அள்ளிப் போட்டது நீ. என் எண்ணெய்த் துணியை நானாகத் தூக்கி எறிந்தேன். பிறகும் இரண்டு தரம் தவறிப்போனது. நீ அதன் தலையைத் தடவிவிட்டுத் துடைத்தாய். மூன்றாம் வாரம் நின்றுவிட்டது. அதன்பின் இரண்டு வருடம் வாழ்ந்து, தன் மூலையிலேயே மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை வந்த உன் அப்பா கூடத்தில் மணல் தட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியபோது, “என் யோசனைதாம்ப்பா” என்று மட்டும் சொன்னாய். சாக்கு விஷயத்தை அவர் சாகும்வரை நீ அவரிடம் சொல்லவில்லை. பலர் உன்னைக் கெட்டிக்கார ஓவர்சியர் என்கிறார்கள், சர்வே பிசகாது என்கிறார்கள். நீ முதன்முதலில் கயிறு பிடித்து அளந்தது எதற்காக என்று எனக்குத்தான் தெரியும். நான் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் முப்பது வருடம் நின்றிருக்கிறேன். ஒரு தப்பைப் பார்த்ததும் யார் என்று கேட்காமல் எங்கே, எப்போது என்று கேட்ட பிள்ளை நீ ஒருவன்தான்.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சென்ற மழைக்காலத்திலிருந்து எனக்கு அடக்க முடியவில்லை, தம்பி. நெருக்குகிறது என்று தெரிந்து எழுந்தால், கொல்லைக் கோடிக் கக்கூஸுக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விடுகிறது. சில நாள் எழுவதற்கு முன்பே. அந்தத் தீபாவளிக் காலையில் சரோஜா தூக்கிய மெத்தை நனைந்த மெத்தை. வீடெல்லாம் பினாயில் ஊற்றியது அதற்காகத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நான் கண்ணை மூடிக்கொண்டேன், அந்தப் பெண் மேல் பாய்ந்தேன். அவளை எனக்குப் பிடிக்காமலில்லை. ரொம்பப் பிடித்திருப்பதால்தான் அவள் வீட்டில் என்னால் நாற்றம் வரக் கூடாது என்று நினைத்தேன். போன வருடம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேனே, அவளும் சிவப்புத் தரை போட்டு எண்ணெய் தேய்த்துக் கண்ணாடியாக வைத்திருக்கிறாள். என்னைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. அதுதான் பயம். அந்த வயதில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத்தானே தெரியும்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு காரியம் செய்தேன். வெட்கத்தை விட்டுப் பெரியாஸ்பத்திரி லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். “இது எத்தனையோ பொம்பளைங்களுக்கு இருக்கும்மா, சொல்றவங்கதான் ரொம்பக் கொஞ்சம்” என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது என்கிறார். இரண்டாவது, பழைய பெட்டியில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. ஐந்து நாளாக வட்டம் போட்டுப் பார்த்தேன். ஏழு வட்டம். கட்டிலிலிருந்து பின்வாசல்வரை ஒரே கோடு. குனிந்து போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் ஏழாவது வட்டத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தது நின்றுபோனது. இங்கே கொல்லைக் கோடி என் எட்டில் முப்பத்திரண்டு அடி. பதினைந்து அடிவரைதான் என்னால் முடிகிறது.

இந்தக் கடிதத்தைச் சரோஜாவிடம் கொடு. வெள்ளச்சி கதையைக் கேட்டிருக்க மாட்டாள், சாக்கு உட்பட எல்லாவற்றையும் படிக்கட்டும். அன்றைக்கு நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். நேரில் வந்தும் கேட்பேன். என் கட்டிலை எங்கே போடப் போகிறீர்கள், அங்கிருந்து கக்கூஸ் எத்தனை எட்டு என்று நடந்து எண்ணி ஒரு கார்டில் எழுது. அந்தக் கார்டு வந்த மறுநாள் பஸ் ஏறுகிறேன். ஆனால் நீ எண்ணாதே, உனக்கு நெட்டைக் கால். சரோஜாவை நடந்து பார்க்கச் சொல். அவள் எட்டு என் எட்டு மாதிரியே சின்னது.

உன் அம்மா